பீலிக்கு யார் போவது?

நேயர்களுக்கு வணக்கம். வயதானவர்களின் இயலாமையை எப்படி அளப்பது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அளப்பது என்றதும் தராசு, அடிக்கோல் என்று நினைக்காதீர்கள். எங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கேள்விகள்தான்.

1963இல் அமெரிக்காவில் கட்ஸ் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறே விஷயம். தானாகச் செய்தால் ஒரு புள்ளி. பொதுவாக முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசிவரை நிற்பது சாப்பாடு என்றும் அவர்கள் கண்டார்கள். அந்தக் குளியலைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 78 வயது அம்மாயி ஒருவர். வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். படிவத்தை எடுத்தேன்.

“தனியா குளிப்பீங்களா அம்மாயி?”

“குளிப்பேன் தம்பி.”

“சேலை?”

“நானேதான் கட்டுவேன்.”

ஆறுக்கு ஆறு. சந்தோஷமாக எழுந்தேன். அப்போது பேத்தி, கீழே எல்லோரும் குளிக்கப் போகும், தண்ணீர் கொட்டும் பீலியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரோடு படியேறி மூச்சு வாங்க வந்தாள். அவளிடம் கேட்டேன்.

“அம்மாயி பீலிக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?”

“தீபாவளிக்கு முந்தியே விட்டுட்டாங்க சேர். நான்தான் தண்ணி கொண்டாந்து சுட வெச்சுக் குடுப்பேன். முதுகும் தேய்ச்சு விடுவேன்.”

அம்மாயி பொய் சொல்லவில்லை. “குளிக்க முடியுமான்னுதானே கேட்டீங்க? எனக்கு ஒண்ணுமில்ல, படிதான் வழுக்குது” என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

வேடிக்கை என்னவென்றால், முதுகு மட்டும் இன்னொருவர் தேய்த்துவிட்டால் பரவாயில்லை, தனியாகக் குளிப்பதாகவே எழுதலாம் என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. உடம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தைத் தேய்க்கவோ, குளியல்தொட்டிக்குள் இறங்கி ஏறவோ ஆள் வேண்டுமென்றால்தான் புள்ளி போகும். தொட்டிக்கு அதில் இடம் இருக்கிறது, பீலிக்கு இல்லை.

இன்னொன்று. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர், கையில் தாளோடு வருகிறவனிடம் ‘முடியாது’ என்று லேசில் சொல்வாரா? பேர் வெட்டி அன்றைய கூலியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் ஓய்வு பெற்ற பிறகும் போகாது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முடியுமா என்று கேட்காதீர்கள், நேற்று எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். உலக சுகாதார அமைப்பு 2001இல் வெளியிட்ட வகைப்பாடும் ஒருவரால் என்ன முடியும் என்பதையும், தன் வீட்டில், தன் சூழலில் அவர் என்ன செய்கிறார் என்பதையும் தனித்தனியாகவே பார்க்கிறது. பெரியவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறவர்கள் வாளி தூக்கிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சமையல், கடைக்குப் போவது, மருந்து எடுப்பது, காசுக் கணக்கு எல்லாம் 1969இல் வந்த லோட்டன், புரோடி பட்டியலில் இருக்கின்றன. அதில் ஆண்களிடம் சமையலையும் துணி துவைப்பதையும் கேட்காமல் விடும் வழக்கம் இருந்தது. நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆண்கள் சந்தோஷப்படுவார்கள்! அதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒலிபரப்புக் கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள். சரி, கதிரையிலிருந்து எழுந்து 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தைப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. லயத்து வாசலில் மேடுபள்ளமில்லாத 3 மீற்றர் தேடிய கதையை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.