புலம்பெயர் புதுவன்

அவையோருக்கு வணக்கம்.

கதைகளில் வரும் தீயவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இராவணனில் தொடங்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். பத்துத் தலைக்காரனைப் பார்த்து 'ஐயோ, இது நான்தானே' என்று யாரும் திடுக்கிட்டதில்லை. ஆகவே, இன்று சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனை அழைத்து வந்திருக்கிறேன்.

அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருப்பவன் அவன். விற்பதற்குக் கோவலன் நீட்டிய சிலம்பை உற்றுப் பார்க்கிறான். அப்போது அவன் மனத்தில் ஓடுவதை இளங்கோ நமக்குக் கேட்கவைக்கிறார்: நான் ஒளித்தது வெளியே வருவதற்குள் இந்தப் 'புலம்பெயர் புதுவன்' தலையில் கட்டிவிடலாம். கோவலன்மேல் அவனுக்கு என்ன பகை? சற்று முன்புவரை முகமே தெரியாது. அகப்பட்டுவிடுவோமோ என்ற பயம் ஒன்று. கேட்க நாதியில்லாத வெளியூர்க்காரன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறானே என்ற வசதி ஒன்று. ஓர் உயிரை எடுக்க அவனுக்கு அது போதும்.

இன்னார் இன்னதைச் செய்தார் என்று தீர்ப்பில் எழுதியிருக்கும். செய்யத் துணிந்த அந்த நொடியைப் புனைவில்தான் பார்க்க முடியும். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்து வஞ்சகன் இயாகோவும் தனியே நின்று நம்மிடம் மனம்விட்டுப் பேசுகிறான். ஒரு நேரம் பதவி கிடைக்கவில்லை என்பான். இன்னொரு நேரம் மனைவிமேல் சந்தேகம் என்பான். வன்மம் முதலில் வந்தது, காரணத்தைப் பிறகு தேடிக்கொண்டான் என்றே எனக்குப் படுகிறது.

பொற்கொல்லனிடம் திரும்புவோம். ஊடல் கொண்ட தேவியைத் தேற்றப் போகும் அரசனை வாயிலிலேயே மடக்குகிறான். அரசனுக்கு விசாரிக்கப் பொறுமையில்லை. 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்றுவிட்டான். பின்னால் 'யானே கள்வன்' என்று உயிரை விட்டவனும் இவன்தான்.

காவலர்கள் கோவலனைப் பார்த்ததுமே, இவன் கொலைப்படும் மகன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு களவுக் கலை பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணை எட்டாம். (மேடைப் பேச்சாளன் என்ற முறையில் இந்த இடம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.) இவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓர் இளங்காவலன், முன்பொரு இரவில் திருடன் ஒருவன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்லி, அரசன் நம்மைச் சும்மா விடமாட்டானே, என்ன செய்யலாம் என்கிறான். குடித்திருந்த இன்னொருவன் வாளை வீசிவிட்டான்.

பள்ளியில் படித்தபோது என் கோபமெல்லாம் பொற்கொல்லன்மேல்தான். இப்போது கண் காவலர்களிடம் போய் நின்றுவிடுகிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கணக்கில் பணம் குறைந்தது. சேர்ந்து இரண்டு மாதம் ஆன பையனைக் கைகாட்டினார்கள். 'அவன் அப்படிப்பட்டவன் இல்லை' என்று வராந்தாவில் நின்று நானும் சொன்னேன். மேலாளர் உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது, எனக்குத் தெரியாது சார் என்றேன். பையனை அனுப்பிவிட்டார்கள். எடுத்தவர் வேறொருவர் என்பது பிறகு தெரிந்தது.

கொலைப்படும் மகன் அல்லன் என்று சொன்னார்களே, அந்தக் காவலர்கள் வாள் ஓங்கியபோது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று இளங்கோ எழுதவில்லை.