புளி போட்டுத் தேய்த்த தரங்கம்பாடிக் காசு

வணக்கம். இனி ஆறு மாதத்துக்கு ஒரு நாணயம்கூட வாங்கமாட்டேன் என்று போன வீடியோவில் சொன்னேன் அல்லவா? வாங்கிவிட்டேன். கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். கட்டைவிரல் நகத்தளவு செம்பு.

கண்காட்சியில் அந்த மனிதர் கேட்டது 900 ரூபாய். நான் 500 என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு, வேறு எதையோ தேடுபவன்போல மறுபடியும் அந்த மேசைக்கே வந்தேன். 650-க்குப் படிந்தது. தேநீர் 20 ரூபாய். அதையும் சேர்த்துத்தான் கணக்கு, 670.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்! இது என்ன குத்துவிளக்கா? இருநூறு வருடம் சேர்ந்த நிறம் ஒரே நாளில் போய்விட்டது. ஆண்டில் '18' மட்டும் தெரிகிறது, மீதி வழவழ.

சரி, காசுக்கு வருகிறேன். ஒரு பக்கம் கிரீடம், கீழே டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடரிக்கின் பெயரெழுத்து. மறுபக்கம் ரோமன் எண்ணில் நான்கு, கூடவே 'காஸ்'. நம்முடைய காசுதான்! ஐரோப்பிய அரசர் தன் நாணயத்தில் தமிழ்ச் சொல்லைப் பொறித்திருக்கிறார். இதற்கு மட்டுமே 650 கொடுக்கலாம்.

1620-இல் டேனியர்கள் மிளகு தேடி வந்தார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அந்தத் தகட்டையாவது யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை என்று நம்புகிறேன்.

வியாபாரமும் மதமும் கைகோத்து வந்தன என்று பலர் எனக்கு எழுதுகிறீர்கள். ஒரே கரையில் வந்து இறங்கின, அவ்வளவுதான். 1706-இல் வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவை, 1708-இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஹாசியஸ் தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். ஊரில் சலசலப்பு வந்தால் வியாபாரம் கெடும் என்பதே கம்பெனியின் கவலை. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அதைச் சொல்லாமல் இது விளங்காது: சீகன்பால்குவை அனுப்பியவரே டென்மார்க் அரசர்தான். அரசர் அனுப்பிய ஆளை அரசரின் கோட்டையிலேயே பூட்டியிருக்கிறார்கள்.

பிறகு சீகன்பால்குவுக்கு லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. வழியில் அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொள்ள, மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அதனால் பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்ததாகச் சொல்கிறார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. எனக்குப் பாலாடைக்கட்டி அறவே பிடிக்காது, இந்த ஒரு காரணத்துக்காக மன்னிக்கிறேன்.

அறிவியலும் இதே ஊருக்கு வந்தது. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் மருத்துவராக வந்து செடிகொடிகளைச் சேகரித்தார். நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் இருக்கும் 'கோனிகீ' அவர்தான். இன்று காலை ரசத்திலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேனே, அந்த இலையில்!

கடைசியில் 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் தங்களிடமிருந்த செராம்பூரையும் சேர்த்து டேனியர்கள் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கோட்டை, துறைமுகம், ஊர் எல்லாம் அதில் அடக்கம். அவர்கள் இடையில் எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து பேரம் பேசினார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.