இலேசான துவக்கும் விளக்குக் கரியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த உரைக்கு என்னை அழைத்தவர்களிடம் தலைப்பைச் சொன்னபோது, தொலைபேசியில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயா, துவக்கைப் பற்றியா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் காட்டுப் பன்றி யாருக்கும் நினைவுக்கு வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது நோர்வேக் காட்டில் எல்க் மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் துவக்கைப் பற்றி. இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

நான் கோண்டாவிலில் ஒரு தச்சுப் பட்டறையில் வளர்ந்தவன். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நோர்வேயில் இருந்தேன். அங்கே வேட்டை என்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு அல்ல. பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆசிரியை, தபாற்காரர் எல்லோரும் போவார்கள். இறைச்சியைப் பங்கு போட்டுக் குளிரூட்டியில் வைத்து, குளிர்காலம் முழுவதும் சமைப்பார்கள். ஆனால் நினைத்தவுடன் போய்விட முடியாது. முதலில் வகுப்பு, எழுத்துப் பரீட்சை. அதற்குப் பிறகு பெரிய விலங்கை வேட்டையாட விரும்புகிறவர் ஒவ்வொரு வருடமும் சுட்டுக் காட்ட வேண்டும். 100 மீற்றரில் ஒரு விலங்கின் உருவம். அதில் 30 சென்ரிமீற்றர் வட்டம். ஐந்து வெடியும் அதற்குள் விழ வேண்டும். நாலு உள்ளே, ஒன்று வெளியே என்றால் தோல்விதான். 30 சென்ரிமீற்றர் என்பது நம் வீட்டுச் சுளகை விடச் சிறியது, அவ்வளவுதான். கேட்கும்போது இலேசாக இருக்கும்.

நான் இரவல் துவக்கில் மூன்று வருடம் தேறினேன். அது பாரமானது, மூன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். மலையில் நாள் முழுவதும் தோளில் தொங்கவிட்டு நடந்தால், மாலையில் தோளைத் தொட முடியாது. எனவே 2.6 கிலோவில் இலேசான ஒன்றை வாங்கினேன். மெல்லிய குழல், வால்நட் மரச் சோங்கு. சோங்கு என்பது தோளில் வைக்கும் பின்பகுதி என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அடியிலிருந்து நுனிவரை அந்த மரம் முழுவதையும் சோங்கு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ரவை அதே பழைய 6.5 மில்லிமீற்றர் ரவைதான். சுவீடனும் நோர்வேயும் ஓர் அரசனின் கீழ் இருந்த காலத்தில், 1894 இல், இரு நாட்டுப் படைகளுக்குமாக வந்தது. இன்றைக்கும் அந்தக் காட்டில் எல்க் வேட்டைக்கு அதைக் கொண்டுபோகிறார்கள்.

புதுத் துவக்கை ஆனி மாதத்து வெயிலில் பரீட்சித்தேன். மூன்று துளையும் ஒரு சிரட்டைக்குள் அடங்கின. பரவாயில்லை என்று நினைத்தேன். புரட்டாதி கடைசி, மழை. அதே துவக்கு, அதே ரவை, அதே ஆள். துளைகள் ஒரு சாண் இடப்பக்கம் போய்விட்டன.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியில்தான் பிழை என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கினேன். துவக்கின் விலையில் பாதி. பூட்டிச் சுட்டேன். அதே இடப்பக்கம். ரவையை மாற்றினேன். அதே இடப்பக்கம். என் கையில்தான் நடுக்கம் என்று கூட நினைத்து, ஒரு கிழமை கோப்பியை விட்டேன். துளை அசையவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைச் சந்தேகிக்க முன்னர், காசு கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம். எனக்கு இதில் நல்ல அனுபவம்.

ஓர் இரவு துவக்கை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ரவை இல்லை, பூட்டும் கழற்றியாயிற்று. இதை மட்டும் எத்தனை தரமும் சொல்வேன்: துவக்கில் கைவைக்க முன்னர் ரவை இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். சரி. பேர்ஸில் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய இருபது ரூபாய்த் தாள் ஒன்று கிடந்தது. அதைக் குழலுக்கும் அடிமரத்துக்கும் இடையில் நுழைத்து, நுனியிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். தாள் தடையில்லாமல் ஓட வேண்டும். நுனியிலிருந்து நாலு விரல் தூரத்தில், வலப்பக்கம், சிக்கி நின்றுவிட்டது.

எனக்கு உடனே எங்கள் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. கார்த்திகை மழை தொடங்கினால் கோண்டாவிலில் பாதி வீடுகளின் கதவு இறுகிவிடும். "அண்ணை, கதவு சாத்த முடியவில்லை" என்று ஐயாவை, அதாவது என் தகப்பனைத் தேடி ஆட்கள் வருவார்கள். மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்துவிட்டது. என் துவக்கிலும் அதுவேதான் நடந்திருக்கிறது. வலப்பக்க மரம் பருத்துக் குழலை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. நான் தொலைநோக்கிக்கல்லவா காசு கொட்டினேன்!

ஐயா கதவை எப்படிச் சரிசெய்வார் என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணை நம்ப மாட்டார். கழுந்தைப் பொளிக்குள், அதாவது ஒரு மரத்தின் சீவிய முனையை மற்ற மரத்தில் வெட்டிய குழிக்குள், இறக்கும் வேலை என்றாலும் இதே கதைதான். தேங்காயெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே ஓர் அகப்பையைக் கவிழ்த்துப் பிடிப்பார். கரி படியும். அதை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து, கழுந்தில் விரலால் மெல்லியதாகப் பூசுவார். பொளிக்குள் இறக்கி, கொட்டாப்புளியால் ஒரு தட்டு. பிறகு வெளியே எடுத்துப் பார்ப்பார். பொளிக்குள் எங்கே மேடோ அங்கே மட்டும் கரி ஒட்டியிருக்கும். "கரி பட்ட இடத்தை மட்டும் சீவு, கரி படாத இடத்தில் உளி படக்கூடாது" என்பார். சீவு, பூசு, தட்டு, எடு. பத்துத் தரம், இருபது தரம். எனக்கு அப்போது பத்து வயது. எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்!

அந்த இரவு எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கரண்டியைக் கவிழ்த்தேன். மனைவி வந்து பார்த்தார். "என்னப்பா, சாமி விளக்குக் கரியையா துவக்குக்குப் பூசுகிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழலின் அடியில் பூசி, மரத்தில் இறக்கி, ஆணிகளை முறுக்கி, மறுபடி கழற்றினேன். வலப்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு. அவ்வளவுதான், நேயர்களே. அந்தப் புளியங்கொட்டைதான் 100 மீற்றரில் ஒரு சாண்.

அதைச் சீவினேன். அடியிலிருந்து நுனிவரை தாள் தடையின்றி ஓடும் அளவுக்கு இடைவெளி விட்டேன். சீவிய மரத்துக்கு எண்ணெய் பூசினேன், மறுபடி ஈரம் குடிக்கக்கூடாது என்று. ரவை நுழையும் இரும்புப் பெட்டி மரத்தில் உட்காரும் இடத்திலும் கரி பூசிப் பார்த்தேன். அங்கே ஒரு மூலையில் மட்டும் கரி. நாலு காலில் ஒன்று குட்டையான வாங்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே உளி வேலை உதவாது. எப்பொக்சிப் பசையை நிரப்பி, இரும்பை அதில் இறக்கி, காயவிட வேண்டும். இரும்பின் அச்சு அப்படியே பசையில் விழும். இரும்புக்குச் சப்பாத்துப் பொலிஷ் பூச மறக்கக்கூடாது. என் நண்பர் ஒருவர் மறந்தார். இரண்டும் ஒன்றாய் ஒட்டிவிட, குளிரூட்டியில் ஓர் இரவு வைத்து, தட்டித் தட்டித்தான் பிரித்தோம்.

குழல் மரத்தில் படவே கூடாது என்பது எல்லா இடத்துக்கும் சட்டமா என்றால், இல்லை. அமெரிக்காவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர், 1980களில், மிக இலேசான துவக்குகளைச் செய்தார். அவர் கெவ்லார் என்ற செயற்கை இழையும் கார்பன் இழையும் சேர்த்துச் சோங்கு செய்து, குழலை நுனிவரை அதில் முழுவதுமாக உட்காரவைத்தார். அந்தச் சோங்கு மழைக்குப் பருக்காது, வளையாது. அதனால் அது அவருக்குச் சரிவந்தது. முழுவதும் பட்டால் நல்லது, முழுவதும் படாவிட்டாலும் நல்லது. இன்றைக்குப் பட்டு நாளைக்குப் படாமல் விடுவதுதான் ஆபத்து.

அடுத்தது உதை, அதாவது சுடும்போது துவக்கு பின்னே தோளில் இடிப்பது. இலேசான துவக்கு பிழையாகச் சுடும் என்று பலர் சொல்வார்கள். அது துவக்கின் பிழை அல்ல. குருநகரிலோ பாசையூரிலோ சிறு வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவியவர்களைக் கேளுங்கள். நீங்கள் முன்னே போக, வள்ளம் பின்னே போகும். பெரிய படகிலிருந்து தாவினால் படகு அசைந்தது கூடத் தெரியாது. ரவையிலிருந்து பறக்கும் சன்னம் முன்னே பாய, துவக்கு பின்னே வருகிறது. 3.5 கிலோவை 2.5 ஆக்கினால், அதே ரவைக்கு உதையின் சக்தி ஐந்தில் இரண்டு பங்கு கூடும். சன்னம் குழலை விட்டுப் போகும் முன்னரே துவக்கு அசையத் தொடங்கிவிடுகிறது. எனவே எப்படிப் பிடிக்கிறோமோ அப்படிப் போகும். பாரமான துவக்கை மண்மூட்டையில் வைத்துவிட்டு, விரலால் மட்டும் தொட்டால் போதும். இலேசானதை முன்மரத்தில் கையால் இறுகப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில். கல்லிலோ மரக்கிளையிலோ நேரே சாய்த்தால் துள்ளி மேலே போகும். இடையில் மடித்த சட்டையை வைக்க வேண்டும். குழலை எதிலும் சாய்க்கவே கூடாது.

மெல்லிய குழலுக்கு இன்னொரு குணம் உண்டு. சீக்கிரம் சூடாகும், சூடானால் துளைகள் ஒருபக்கமாக நகரத் தொடங்கும். மைதானத்தில் பத்து வெடியை அடுத்தடுத்துச் சுட்டுவிட்டு, துவக்கைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வெடி, பிறகு பத்து நிமிடம் ஓய்வு. நான் போத்தலில் தேநீர் கொண்டுபோவேன், அது முடியும்வரை கையை எடுத்துவிடுவேன். அதை விட எனக்குப் பிடித்த பரீட்சை வேறு. ஒரே தாளை ஐந்து நாள் கொண்டுபோய், ஒவ்வொரு காலையும் குளிர்ந்த குழலில் ஒரே ஒரு வெடி. காட்டில் மான் உங்களுக்கு இரண்டாவது வெடிக்கு நிற்குமா? அந்த ஐந்து துளையும் எங்கே விழுகின்றனவோ, அதுதான் உங்கள் துவக்கு.

கரி பூசிய துவக்கு என்ன செய்தது என்று சொல்லவில்லை அல்லவா? அடுத்த மழையில் மூன்று துளை, பத்து ரூபாய்க் குற்றியை விடச் சற்றுப் பெரிய வட்டத்துக்குள். நடுவில்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். இன்னும் மூன்று விடயம் இருக்கிறது, ஓடிக்கொண்டே சொல்கிறேன். ஆணிகள்: கையுணர்வை நம்பாமல், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்குமானியால் முறுக்க வேண்டும். தொலைநோக்கி வளையத்து ஆணிக்கு 2 நியூட்டன் மீற்றர் அளவில் போதும், கூடினால் குழாயே நெளியும். விசைவில்: துவக்கே இரண்டரைக் கிலோ, விசையை இழுக்க இரண்டு கிலோ என்றால் குறி எப்படி அசையாமல் நிற்கும்? ஒன்று தொடக்கம் ஒன்றரைக் கிலோ என்பது நல்ல அளவு. ஆனால் அதைத் துவக்குத் திருத்துநரிடமே கொடுக்க வேண்டும், மேசையில் வைத்து நாமே நோண்டக்கூடாது. ரவை: மூன்று நான்கு வகை வாங்கி, துவக்குக்கு எது பிடிக்கிறது என்று…

ஒரு விரலாகிவிட்டது. இருபது ரூபாய்த் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது, ஒரு மூலையில் கரி படிந்தபடி. கடையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.