கிராம்பு எண்ணெய் இயற்கையானதுதானே, தினமும் வைக்கலாமா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "சொத்தைப் பல்லுல கிராம்பு எண்ணெய் வச்சா கொஞ்ச நேரத்துல வலி நின்னுடுது. இயற்கையானதுதானே, தினமும் வைக்கலாமா? என் 3 வயசுப் பையனுக்கும் வைக்கலாமா?"ன்னு கேக்குறாங்க.

பையன் விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன். வேண்டாம்மா, வைக்காதீங்க. காரணத்தைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கிராம்புல அந்தக் காரமான வாசனை வருதே, அதுக்கு முக்கியக் காரணம் யூஜினால்ங்கிற ஒரு பொருள். துளசியில இருக்கு, பட்டை மரத்தோட இலையில நிறைய இருக்கு. கிராம்பு எண்ணெயில பெரும்பகுதி, அதாவது 70 முதல் 90 சதவீதம் வரைக்கும் இதுவேதான். தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, மத்த எண்ணெய் மாதிரி மிதக்காது, கீழே போய் உக்காரும். தண்ணியை விட கனம். சில வகை பிளாஸ்டிக்கையே இளக வச்சிடும், அதனாலதான் கண்ணாடி பாட்டில்ல விக்கிறாங்க. இவ்வளவு வீரியமான பொருளைத்தான் நாம ஈறுல வைக்கிறோம்.

வலி எப்படி நிக்குது? நரம்பு வழியா வலி போகணும்னா சோடியம் அயனிகள் நரம்புக்குள்ள நுழையணும். யூஜினால் அந்த வழியை அடைக்குது. பல் டாக்டர் போடுற மரப்பு ஊசியும் இதே வேலையைத்தான் செய்யுது. அதனால நீங்க உணர்ற நிவாரணம் நிஜம்தான், மனப்பிரமை இல்லை. மிளகாய்க் காரத்தை உணர்ற அதே ஏற்பியையும் இது தூண்டுது, அதான் முதல்ல சுருக்குன்னு எரிஞ்சு அப்புறம் மரத்துப் போகுது. பல் மருத்துவத்துலயே ஜிங்க் ஆக்சைடு பொடியோட யூஜினாலைக் குழைச்சு தற்காலிகமா பல்லை அடைக்கிற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு. பல் ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாசனை வருமே, பெரும்பாலும் அது இதுதான்.

இப்போ அளவு. உணவு வழியா ஒருத்தர் தினமும் எடுத்துக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைச்ச நிபுணர் குழு வச்ச வரம்பு, உடல் எடையில கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 37.5 மில்லிகிராம் வருது. கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு சுமாரா 50 மில்லிகிராம், அதுல யூஜினால் மட்டுமே 40 கிட்ட இருக்கும். ஒரே சொட்டுல அன்னைக்கு வரம்பு முடிஞ்சிடுச்சு! பல்லுலதானே வைக்கிறேன்னு நினைப்பீங்க. அந்த வயசுல ஒழுங்கா துப்பத் தெரியாது, எச்சிலோட வயித்துக்குள்ளதான் போகும்.

சமையல்ல போடுற கிராம்பு வேற கதை. காய்ஞ்ச கிராம்புல எண்ணெய் 15 முதல் 20 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெய்னா ஏறக்குறைய 300 கிராம்பைச் சேர்த்து முழுங்கின மாதிரி. யாராலயும் அத்தனை கிராம்பை மெல்ல முடியாது, ஆனா அந்த ஒரு டீஸ்பூனை ஒரு குழந்தை ஒரே மடக்குல குடிச்சிடும். 5 முதல் 10 மில்லி குடிச்ச 2 வயசுக் குழந்தைக்கு வலிப்பு வந்து, நினைவு தப்பி, கல்லீரல் பாதிச்சது மருத்துவ இதழ்ல பதிவாகியிருக்கு. செடியிலேர்ந்து எடுத்தாலும் ஆய்வகத்துல செஞ்சாலும் யூஜினால் யூஜினால்தான். கல்லீரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

உங்களுக்கு நீங்க வைக்கிறதுன்னா, டாக்டரைப் பார்க்கப் போற வரைக்கும் ஒண்ணு ரெண்டு நாள் வைக்கலாம். அப்படியே வைக்காம சமையல் எண்ணெயில நல்லா கலந்து, பஞ்சுல லேசா தொட்டு பல்லுல மட்டும் வைங்க. நேரடியா ஈறுல பட்டா வெந்து வெள்ளையாகி புண்ணாகும். தினமும் வைக்கிறது கூடவே கூடாது. சொத்தை உள்ளே போய்க்கிட்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஒருநாள் பல்லோட உயிர்ச்சதையே செத்துப்போகும், அப்போ வலி தானா நிக்கும். குணமாயிடுச்சுன்னு நினைச்சு விட்டுடுவீங்க, வேர்ல சீழ் பிடிச்சிருக்கும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே போயிடுங்க.

டாக்டர்கிட்ட போகும்போது இந்த எண்ணெய் வச்சேன்னு சொல்லுங்க. பல் நிறத்துல அடைக்கிற சில பொருட்கள் யூஜினால் இருந்தா சரியா இறுகாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் டாக்டரைக் கேட்காம வைக்காதீங்க.

பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்துல பூட்டி வைங்க. தப்பித்தவறி குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும். அந்த பாட்டிலையும் கையில எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.