பஞ்சாபில் எது முதல் ஆபத்து: புகையா, தண்ணீரா?

[திரையில்: நவம்பர் மாத டெல்லி. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும் வண்டிகள்]

அக்டோபர் கடைசி வந்தால் பஞ்சாப் செய்தியில் அடிபடும். வயலில் தீ, டெல்லியில் புகை, உச்ச நீதிமன்றத்தில் கண்டனம். ஜனவரியில் அந்தப் பேச்சே இருக்காது.

சரி, ஒரு கற்பனை. பஞ்சாபின் சுற்றுச்சூழல் பொறுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். புகை, வற்றும் நிலத்தடி நீர், மால்வா பகுதிக் குடிநீரில் யுரேனியம், லூதியானாவின் கழிவைச் சுமந்து சட்லெஜில் கலக்கும் புத்தா நாலா என்று எல்லாம் மேசையில் கிடக்கிறது. எதை முதலில் எடுப்பீர்கள்?

1987இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி ஒரு வேலையைச் செய்து பார்த்தது. 31 பிரச்சினைகளை எடுத்துக்கொண்டு எது எவ்வளவு ஆபத்து என்று தன் அதிகாரிகளிடமே கேட்டது. அவர்கள் சொன்னதும் மக்கள் பயந்ததும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பணம் பெரும்பாலும் மக்கள் பயந்த பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

பஞ்சாபிலும் அதே கதைதான் என்பது என் கணிப்பு. புகை கண்ணுக்குத் தெரியும், அதுவும் தலைநகரின் கண்ணுக்கு. பூமிக்கடியில் நீர்மட்டம் இறங்குவதை யார் படம் பிடிப்பது?

[திரையில்: பஞ்சாப் வரைபடம். சங்ரூர், பர்னாலா, மோகா சிவப்பாக மாறுகின்றன]

மழையும் கால்வாயும் ஒரு வருடத்தில் நிலத்துக்குள் சேர்க்கும் நீரில், பாதுகாப்பாக எடுக்கக்கூடிய அளவு 100 என்று வையுங்கள். பஞ்சாப் எடுப்பது 150க்கும் மேல். இது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கு. 100 ரூபாய் சம்பளக்காரர் மாதாமாதம் 150 செலவழித்தால் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்? போர்வெல் ஆழமாகிக்கொண்டே போகிறது, மோட்டார் பெரிதாகிறது. பெரிய விவசாயி சமாளித்துவிடுவார். ஐந்து ஏக்கர்காரர் கடன் வாங்குவார்.

1960-களின் தொடக்கத்தில் பஞ்சாபில் நெல் அபூர்வம். சுமார் இரண்டு லட்சம் ஹெக்டேர்தான். இன்று 30 லட்சத்துக்கு மேல். சோறு அங்கே அன்றாட உணவுகூட இல்லை, ரொட்டிதான். விளைவதில் பெரும்பங்கு அரசுக் கிடங்கு வழியாக நாட்டின் ரேஷன் கடைகளுக்குப் போகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையில் கொள்முதல் உறுதி, மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அந்த விவசாயி வேறு எதைப் பயிரிடுவார்?

இங்கேதான் கதை சிக்கலாகிறது.

முன்பெல்லாம் மே மாதக் கொளுத்தும் வெயிலிலேயே நடவு தொடங்கிவிடும். தண்ணீர் ஆவியாகப் போகும். அதைத் தடுக்க 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டது: ஜூன் 10க்கு முன் நடவு கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். கோதுமையை நவம்பர் நடுவுக்குள் விதைத்தாக வேண்டும். இடையில் மிஞ்சுவது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் தாளை அதற்குள் அகற்ற வேண்டும். அந்த வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் மாட்டுக்கும் போடுவதில்லை. தீக்குச்சிதான் மலிவு. போதாக்குறைக்கு, அந்த நேரத்தில் காற்று அசையாது, குளிர் புகையைத் தரையோடு அமுக்கி வைக்கும்.

ஆக, தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம் புகையை மோசமான வாரங்களுக்குத் தள்ளிவிட்டது. ஒவ்வொரு ஆபத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

[திரையில்: செயற்கைக்கோள் படத்தில் சிவப்புப் புள்ளிகள்]

2021இல் பஞ்சாபில் பதிவான தீச்சம்பவங்கள் 71 ஆயிரத்துக்கு மேல். 2024இல் 11 ஆயிரத்துக்கும் கீழே. பெரிய வெற்றி என்று சொல்ல ஆசைதான். ஆனால் செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு மாலையில் கொளுத்தினால் கணக்கில் வராது என்ற சந்தேகம் இருக்கிறது. அந்த நவம்பரிலும் டெல்லி மூச்சுத் திணறத்தான் செய்தது.

புகையைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. அதை முதலில் சுவாசிப்பது பஞ்சாப் கிராமத்துக் குழந்தைகள். ஆனால் தீயை நிறுத்தினால் அடுத்த வருடமே காற்று தேறும். வற்றிய நீர் திரும்ப எத்தனை தலைமுறை ஆகுமோ. அதனால் என் பட்டியலில் முதல் இடம் தண்ணீருக்கு.

யுரேனியம் வேறு வகை. மால்வாவின் புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காக ஏறுவதால், பட்டிண்டாவிலிருந்து ராஜஸ்தானின் பிகானேர் போகும் ரயிலுக்கு ‘கேன்சர் ரயில்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒன்றை இன்னும் உறுதி செய்யவில்லை. ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் கொடுக்க, பாசனத்தை மாற்றும் அளவுக்குச் செலவாகாது. பட்டியலில் கீழே இருந்தாலும் நாளைக்கே செய்யலாம்.

இன்னொரு வேடிக்கை: தென்மேற்கில் முக்த்சர் பக்கம் நிலத்தடி நீர் ஏறுகிறது! உப்பு நீர் என்பதால் யாரும் இறைப்பதில்லை, கால்வாய்க் கசிவு வேறு. வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகுகிறது. மோகாவுக்கு எழுதிய பட்டியல் இங்கே செல்லாது.

நெல் பரப்பைக் குறைக்கச் சொல்லி 1986இலேயே பொருளாதார அறிஞர் ஜோல் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் நெல் பரப்பு ஏறியதே ஒழிய இறங்கவில்லை.

[திரையில்: இரண்டு நெற்கதிர்கள் அருகருகே]

இப்போதைக்குக் கையில் இருப்பது ஒரு விதை. பூசா 44 ரகம் விளைய சுமார் 160 நாள். லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126 ரகத்துக்கு சுமார் 123 நாள் போதும். தண்ணீரும் மிச்சம், தாளை அகற்ற அவகாசமும் உண்டு. தண்ணீர், புகை என்ற இரண்டு கோப்புகளையும் ஒரே நேரத்தில் தொடும் ரகம். ஆனால் 2024 கொள்முதலில் அரிசி ஆலைக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். 100 கிலோ நெல்லுக்கு அரசு கேட்பது 67 கிலோ அரிசி, இந்த ரகத்தில் அவ்வளவு தேறவில்லை என்பது அவர்கள் புகார். நெல்லோடு மண்டியில் காத்துக் கிடந்தது, சொன்னபடி ரகத்தை மாற்றிய விவசாயி.