பி தந்தி ஏன் குழைகிறது? புதிய பேஸ் கிட்டார் செய்யச் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்

[ஒலி: ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியான பி, விரல் அழுத்தாமல், மூன்று முறை]

வணக்கம். இந்த ஒலியைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே கேட்டவர்கள் ஒரு வியப்பைக் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். அந்தச் சுரத்தின் அடிப்படை அதிர்வெண் 30.87 ஹெர்ட்ஸ்; அதை எழுப்பும் ஆற்றல் உங்கள் கைப்பேசிக்குக் கிடையாது. எழாத ஒலி காதில் விழுந்தது எப்படி என்பது புரிந்துவிட்டால், பி தந்தி தளர்ந்து கலங்கலாகக் குழைவதைப் போக்க, 35 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) கொண்ட நீண்ட கழுத்துடன் தனக்கென ஒரு பேஸ் கிட்டார் செய்து வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர் அந்தப் பணத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்துத் திரும்பப் பெட்டியில் வைக்கக்கூடும்.

வரலாற்றை விரைவாக முடித்துவிடுவோம். 1951-இல் லியோ ஃபென்டரின் பிரெசிஷன் பேஸ் நான்கு தந்திகளோடும் 34 அங்குல ஸ்கேலோடும் வந்தது. அதன் தாழ்ந்த தந்தியான ஈ, 41.2 ஹெர்ட்ஸில் அதிர்வது. 1975-இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்காகக் கைவினைஞர் கார்ல் தாம்சன் செய்துகொடுத்த ஆறு தந்திக் கருவியில் அதற்கும் கீழே ஒரு பி தந்தி இடம்பெற்றது. இவ்வளவு போதும்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். சற்று நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: பியானோவின் இடது ஓரம், மூன்றாவது கட்டை ஒளிர்கிறது]

பியானோவில் இடது ஓரத்திலிருந்து மூன்றாவது கட்டைதான் நம்முடைய பி. பெரிய கச்சேரிப் பியானோவில் அந்த ஓரத்துத் தந்திகள் சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு அதிர்கின்றன. அதே சுரத்தை நாம் 34 அங்குலத்தில், அதாவது 86 சென்டிமீட்டரில், எழுப்பப் பார்க்கிறோம். வீட்டுக்கூடத்தில் சுவரோடு நிற்கும் சிறிய பியானோவின் தாழ்ந்த சுரங்கள் கலங்கலாகக் கேட்பதற்கும், உங்கள் பி தந்தி குழைவதற்கும் காரணம் ஒன்றேதான்: குட்டையான நீளத்தில் அதிரும் தடித்த தந்தி, தந்தியாக மட்டும் இல்லாமல் கொஞ்சம் கம்பித்துண்டைப் போலவும் நடந்துகொள்கிறது.

வளைவதற்குச் சற்றும் முரண்டு பிடிக்காத ஓர் இலட்சியத் தந்தியில், மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த ஒலிகள்) அடிப்படை அதிர்வெண்ணின் சரியான மடங்குகளாக, ஏறத்தாழ 62, 93, 124 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக நிற்கும். அந்தச் சீரான இடைவெளியை வைத்தே மூளை "இது 31 ஹெர்ட்ஸ் சுரம்" என்று கணித்துக்கொள்கிறது; கைப்பேசி எழுப்பாத அடிப்படைச் சுரத்தை நீங்கள் கேட்டதும் இப்படித்தான். உண்மையான தந்திக்கோ விறைப்பு உண்டு. அந்த விறைப்பு மேற்சுரங்களை மடங்குகளுக்குச் சற்று மேலே தள்ளுகிறது. வரிசையில் மேலே போகப்போகத் தள்ளலும் கூடுகிறது. இடைவெளி சீர்குலைந்தால் மூளையின் கணக்கும் தடுமாறுகிறது. நாம் உடனே பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தக் கருவி) ஆம்ப்பையும் மரத்தையும் திட்டத் தொடங்குகிறோம். மரம் பாவம்.

இப்போது அந்த ஓர் அங்குலத்தைக் கணக்குப் பார்ப்போம். ஒரே தந்தியை ஒரே சுரத்துக்குக் கட்டினால், இழுவிசை நீளத்தின் இருமடிப் பெருக்கத்தை (நீளம் × நீளம்) பொறுத்தது. ஆகவே 34-லிருந்து 35 அங்குலத்துக்குப் போனால் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். அதே 34 அங்குலத்திலேயே 0.125 அங்குலத் தந்தியைக் கழற்றிவிட்டு 0.130 அங்குலத் தந்தியைப் பூட்டினாலோ, எடை கூடுவதால் இழுவிசை சுமார் 8 சதவீதம் கூடிவிடும். விரலுக்குக் கிடைக்கும் இறுக்கம் மட்டும்தான் உங்கள் குறை என்றால், ஒரே ஒரு தந்தியின் விலையில் அது தீர்ந்துவிடும்.

ஆனால் தெளிவு என்பது வேறு கணக்கு. மேற்சுரங்களின் பிறழ்வு நீளத்தின் நான்மடிப் பெருக்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆகவே அந்த ஓர் அங்குலம் பிறழ்வில் சுமார் 11 சதவீதத்தைக் குறைக்கிறது. 37 அங்குலம் என்றால் 29 சதவீதம். இங்கேதான் கனடாவின் டிங்வால் கருவிகள் என்னை மயக்குகின்றன. விசிறிபோல் விரியும் ஃபிரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கொண்டு பி தந்திக்கு 37 அங்குலமும் ஜி தந்திக்கு 34 அங்குலமும் தருகிறார்கள். முதல் ஃபிரெட்டுக்கான இடைவெளி பி தந்தியின் பக்கம் வழக்கத்தைவிடச் சுமார் 4 மில்லிமீட்டர்தான் கூடுகிறது. படத்தில் பார்த்து அஞ்சும் அளவுக்கு விரல்களுக்குத் துன்பம் நேராது. என் கருத்தைக் கேட்டால், தனியாகச் செய்யச் சொல்லிப் பெருந்தொகை கொடுப்பவர் 35 அங்குலத்தில் நிற்பதைவிட இந்த எல்லைவரை போவதே மேல். இல்லையென்றால் 34-இலேயே இருந்துவிடலாம்.

தந்தியை உடலின் பின்புறம் வழியாகக் கோத்தால் இழுவிசை கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. கூடாது. கழுத்தின் முனையில் தந்தியைத் தாங்கும் நட்டுக்கும் உடலில் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட நீளம், தந்தியின் எடை, கட்டும் சுரம் ஆகிய மூன்றுமே இழுவிசையை முடிவுசெய்கின்றன.

பணம் செலவழிப்பதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள். பி தந்தியை பிரிட்ஜின் சேடிலுக்கு (தந்தி அமரும் சிறு தாங்கி) சற்று முன்னாலும் நட்டுக்குச் சற்று முன்னாலும் விரலால் மெல்ல அழுத்தி, அது வளைவாகத் தாவாமல் கூர்மையாக மடிந்து இறங்கும்படி செய்யுங்கள். பிக்கப்பின் காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் அதன் அதிர்வையே இழுத்துக் குலைக்கும் என்பதால், அந்தப் பக்கத்துத் திருகைச் சற்று இறக்குங்கள். மீட்டும் விரலைப் பிரிட்ஜ் பக்கமாக நகர்த்தி, வலுவைக் குறையுங்கள்; தடித்த தந்தியை ஓங்கி அடிப்பவருக்கு எந்தக் கைவினைஞரும் உதவ முடியாது. ஆம்ப்பில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி இருந்தால் அதைப் போடுங்கள். ஒலிபெருக்கியின் கூம்பு வீணாக ஆடுவது குறையும். புதிய தந்தி வாங்கும்போது, சேடிலின் மேல் அமரும் இடத்தில் சுற்றுக்கம்பி குறைந்து மெலியும் வகையையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நீண்ட கழுத்துதான் வேண்டும் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த நீளத்துக்குப் பொருந்தும் தந்திகள் உங்கள் ஊரில் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். 34 அங்குலத்துக்கென வரும் பி தந்தியின் சுற்றுக்கம்பி, 37 அங்குலக் கழுத்தில் நட்டை எட்டும் முன்பே முடிந்துபோகலாம். நீங்கள் பயன்படுத்தும் பி தந்தியின் தடிமனையும் ஸ்கேல் நீளத்தையும் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றின் இழுவிசையைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.