படம் கறுத்த இரவும் பூட்டிக் கிடக்கும் அறையும்

(அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில், நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, எப்போது கூப்பிட்டாலும் மறுக்காமல் வந்து முன்வரிசையில் உட்காரும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலி போட்டது முதல் மைக் கட்டியது வரை தனியாளாக ஓடியாடிய நூலகர் தம்பி அவர்களே, பந்தல் செலவை ஏற்றுக்கொண்ட வணிகப் பெருமக்களே, தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதற்குப் பதில் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கித் தந்திருக்கிறீர்கள். முப்பது வருடம் பட்டறையில் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவனுக்கு இதைவிட மரியாதை வேறில்லை.

வீட்டில் செய்த எல்.சி.டி. புரொஜெக்டரில் வரும் படக் கோளாறுகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐந்து கோளாறுகளை எடுத்துக்கொள்கிறேன். நடுவில் மட்டும் வெளிச்சம், ஓரத்தில் வானவில் நிறம், வளையம் வளையமாகக் கோடு, மூலையில் மங்கல், படத்தில் கறுப்புத் திட்டு. அதற்கு முன், என் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த பழமொழி ஒன்று: பதறாத காரியம் சிதறாது.

இதோ மேசையில் இருக்கும் இந்தப் பெட்டிதான் நான் செய்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்த 15 அங்குல மானிட்டரைப் பிரித்து, பின்விளக்கைக் கழற்றி, படம் தெரியும் கண்ணாடிப் பலகையை மட்டும் எடுத்தேன். பின்னால் 100 வாட் எல்.இ.டி. விளக்கு. அந்தக் கண்ணாடிப் பலகைக்கு முன்னும் பின்னும் இரண்டு பிரெனெல் லென்ஸ், அதாவது வளையம் வளையமாக வரி போட்ட தட்டை லென்ஸ். 1820களில் கலங்கரை விளக்கத்துக்காகப் பிரான்சில் பிரெனெல் என்பவர் வகுத்த லென்ஸின் தட்டையான பிள்ளைதான் இது. கடைசியில், படத்தைச் சுவரில் விழவைக்கும் முன் லென்ஸ், குவியத் தூரம் 320 மில்லிமீட்டர். சுவரிலிருந்து பத்தரை அடி தள்ளி வைத்தால் ஒன்பது அடி அகலத்துக்குப் படம் விழும்.

சரி, நடுவில் மட்டும் வெளிச்சம். இது வந்தால் முதலில் எல்லோரும் பலகையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பலகையை வெளியே எடுத்துவிட்டு வெறும் வெளிச்சத்தைச் சுவரில் விடுங்கள். அப்போதும் நடுவில் திட்டாக இருந்தால் பலகை மேல் குற்றமே இல்லை, விளக்கு நிற்கும் தூரம்தான் தப்பு. முன் லென்ஸின் வாயில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் சின்னதாக, லென்ஸின் நட்ட நடுவில் விழ வேண்டும். விளக்கை முன்னும் பின்னும் நூலளவு நகர்த்தி அதைக் கொண்டுவர வேண்டும். அது பக்கவாட்டில் விழுந்தால் ஒரு பக்கம் இருட்டும், ஓரத்தில் நிறமும் வரும். ஆக, இரண்டாவது கோளாறும் இதிலேயே அடங்கிவிட்டது. வளையக் கோடு வந்தால், பிரெனெல் லென்ஸ் பலகையை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் விலக்கி வையுங்கள், கோடு கரைந்துவிடும்.

கறுப்புத் திட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடை விழா. வில்லுப்பாட்டு தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் போட்ட நாடகத்தின் வீடியோவைக் காட்டிவிடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு எட்டு முழ வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை. தாய்மார்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். தன் பேத்தி ராணி வேஷம் போட்டிருக்கிறாள் என்று பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி நடந்தே வந்திருந்தார். படம் ஓடியது. ராணி வந்தாள், ஆச்சி எழுந்தே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து ராணியின் முகத்தில் மை கொட்டினாற்போல் ஒரு கறுப்பு. காசளவு இருந்தது தட்டளவு ஆனது. "அண்ணாச்சி, கிரகணம் பிடிச்சாப்ல கருத்துட்டு வருதுல்லா!" என்று ஒருவர். "ஏல, வெளிச்சத்த அமத்துல!" என்று இன்னொருவர். ஆச்சி மட்டும் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பதறினேன். பெட்டியைத் திறந்து, சூடாக இருந்த பலகையை அப்படியே பிடித்து இழுத்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த, பலகைக்குச் சிக்னல் கொண்டுபோகும் மெல்லிய நாடா கிழிந்தது. அன்றைக்கு ராணியை ஆச்சி பார்க்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது என்று யாரோ காற்றுத் துளையின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, மின்விசிறியை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டிருந்தால் கறுப்பு தானாக மறைந்திருக்கும். பதறாத காரியம் சிதறாது. சுவரில் எழுதியவனே மறந்த இரவு அது.

ஏன் மறையும்? 1888இல் ரெய்னிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கினார். சுமார் 145 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178 டிகிரியைத் தாண்டியதும் தெளிந்தது. ஆறவிட்டால் மறுபடி கலங்கியது. அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம், எல்.சி.டி.யின் முதல் இரண்டு எழுத்து. நம் பலகையில் இருப்பது வேறு கலவை, அது இதைவிடக் குறைந்த சூட்டிலேயே தெளிந்துவிடும். தெளிந்துவிட்டால் ஒளியைத் திருப்பி விடும் வேலையை அதனால் செய்ய முடியாது, அந்த இடம் கறுத்துவிடும். ஆறினால் பழையபடி ஆகிவிடும். பலகைக்குள் போகும் ஒளியில் பெரும்பங்கு வெளியே வராமல் உள்ளேயே சூடாகிறது. அதனால்தான் மின்விசிறியில் கஞ்சத்தனம் கூடாது என்கிறேன். ஆனால் மேலே ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டும் துருவத் தாள் கருகி மஞ்சளானால் அது திரும்பாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது? நாலு பலகையைக் கெடுத்துத்தான். கெடுக்க எனக்கு ஒரு பட்டறை இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைக்கு எங்கே இருக்கிறது? திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987இலிருந்து மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, அருமையான இடம். ஆனால் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். போனால் பார்த்துவிட்டு வரலாம், ஸ்குரூவைக் கழற்ற முடியாது.

இந்த நூலகத்தின் பின்னறை பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உடைந்த நாற்காலியும் பழைய பத்திரிகைக் கட்டும்தான் உள்ளே. 1948இல் நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். தலைவர் அம்மா அவர்களை இந்த மேடையிலேயே கேட்கிறேன்: அந்த அறையைத் திறந்து கொடுங்கள். ஒரு மேசை, ஒரு டியூப் லைட், இரண்டு பிளக் பாயிண்ட் போதும். சாலிடரிங் அயர்ன் நான் தருகிறேன், இந்த மல்டிமீட்டரும் அங்கேயே இருக்கட்டும். வீட்டில் ஓடாத ரேடியோ, மிக்சி, மானிட்டர் எதையும் எடைக்குப் போடாதீர்கள். பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். தயவுசெய்து அனுப்புங்கள். பதறாமல் ஒரு பொருளைப் பிரிக்கப் பழகிய பிள்ளைக்குப் பதறாத காரியம் சிதறாது என்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

மூலை மங்கலைப் பற்றிச் சொல்லவில்லை. நேரம் ஆகிவிட்டது, அடுத்துப் பேச இருப்பவர் தென்காசியிலிருந்து வந்து காத்திருக்கிறார். மங்கலைப் பெட்டியிலேயே காட்டுகிறேன். விழா முடிந்ததும் பிள்ளைகள் முன்னால் வாருங்கள், மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். பின்னறைச் சாவி நூலகர் தம்பியிடம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் வந்து வாசலில் நிற்பேன். நன்றி, வணக்கம்.